சொட்டு அடைத்த ஓட்டை

எங்கேயாவது குழாய் சொட்டினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்கட்டில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போனார், சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் வாஷரை எடுத்து மாற்றினார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சோகமாக உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள், அன்றைக்கு வந்தவர்களில் உருப்படியாக ஒரு காரியம் செய்தவர் இவர் ஒருவர்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பிளம்பர்கள் எல்லோருமே கசிவை நிறுத்துகிறவர்கள்தான். ஆனால் அது அவர்களுக்கு வேலை; இவருக்கு அது குணம். ஓட்டை என்று ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் 'சொட்டு'. கேலிக்கு வைத்த பெயர், போகப் போக மரியாதையாகிவிட்டது. "சொட்டு கட்டின வேலையா, அப்ப பயமில்லை" என்பார்கள். அவரிடம் ஒரே ஒரு சித்தாந்தம் உண்டு: ஜாயின்ட் குறைந்தால் கசிவு குறையும். இதைத் தினமும் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

இப்படி எல்லா ஓட்டையையும் அடைத்த மனிதருக்கு, மாப்பிள்ளையோடு மட்டும் பேச்சு வரவில்லை. மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவர். மகள் வந்து விஷயத்தைச் சொன்னபோது சொட்டு தலையை ஆட்டினார். அது சம்மதமா, கழுத்துவலியா என்று இன்றுவரை மகளுக்குத் தெரியாது. கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு மாமனாரும் மாப்பிள்ளையும் பேசியதை எல்லாம் திரட்டினால் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். "வாங்க மாமா." "இருக்கட்டும் மாப்பிள்ளை." "சாப்பிடுங்க மாமா." "ஆச்சு மாப்பிள்ளை." அவ்வளவு மரியாதை. மூச்சுமுட்டும் மரியாதை.

மாப்பிள்ளையிடம் ஒரு மீன் இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்து தனி அறையில் இருந்த நாளில், விரல்நீளமாக இருந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டு வளர்க்க ஆரம்பித்தது. இப்போது முழங்கை நீளம். வீட்டில் அதற்குப் பெயர் 'பெரியவர்'. "பெரியவர் இன்னிக்குச் சரியா சாப்பிடலைப்பா" என்று மகள் போனில் சொல்ல, மாப்பிள்ளையின் தகப்பனார்தான் வந்து தங்கியிருக்கிறார் போல என்று சொட்டு பல நாள் நம்பிக்கொண்டிருந்தார். "டாக்டரைப் பாருங்க" என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெரியவரால்தான் வந்தது வினை. மகள் குடியிருந்தது மாடிப் பகுதியில். கீழே வீட்டுக்காரர். வீட்டுக்காரரின் மனைவி இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல், மகள் வீட்டுக் கூடத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் படுத்த படுக்கையாக இருந்தார். பெரியவரின் பழைய தொட்டி மூலையில் பசை விட்டு, யாருக்கும் தெரியாமல் கசிந்து, தரையில் இறங்கி, அந்த அம்மாவின் தலைக்கு மேலே கூரையில் தட்டு அகலத்துக்கு மஞ்சள் கறையாக நின்றது. நாள் முழுக்க மல்லாந்து கிடப்பவருக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? கறையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். கெட்டவர் இல்லை, கத்தவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மீன் இருக்கட்டும்மா. அது வாயில்லா ஜீவன். ஆனா தண்ணி மேலயே இருக்கணும். இன்னும் ஒரு சொட்டு கீழ வந்துச்சுன்னா, நீங்க பெட்டி படுக்கையைக் கட்டிடுங்க. நான் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

மகளுக்கு ஆறு மாதம். கல்யாணத்துக்குப் பிறகு இது மூன்றாவது வீடு. முதல் வீட்டில் வெளிச்சம் கிடையாது, இரண்டாவது வீட்டில் தண்ணீர் கிடையாது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை வீடு தேடித் தெருத் தெருவாக ஏறி இறங்க அவளுக்குத் தெம்பு இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, பெரிய தொட்டி வாங்கியாச்சு. அதுக்குக் கீழ அலமாரிக்குள்ள இன்னொரு தொட்டி வச்சு தண்ணியைச் சுத்தம் பண்ற மாதிரி செய்யணும். பைப் வேலையை நீங்க வந்து செஞ்சு குடுங்க. ஒரு சொட்டு கீழ போகக் கூடாதுப்பா. போச்சுன்னா இந்த வீடு போச்சு."

கல்யாணமான பிறகு மகள் அவரிடம் கேட்ட முதல் உதவி அது. சொட்டு போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி பார்த்துவிட்டதும், பைப் பசையின் நெடி என்றார்.

மறுநாள் காலையிலேயே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலப் போய் நின்றார். மீன் தொட்டிக்கு அவர் பைப் போட்டதே கிடையாது. ஆனால் தண்ணீர் எங்கே போனாலும் தண்ணீர்தானே என்பது அவர் எண்ணம். மாப்பிள்ளை ஏற்பாட்டை விளக்கினார். மேல்தொட்டியின் மூலையில் ஒரு தடுப்பு. தண்ணீர் நிறைந்ததும் தடுப்பைத் தாண்டி வழிந்து, குழாய் வழியாக அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியில் விழும். அங்கே பஞ்சிலும் சின்னச் சின்னக் கற்களிலும் புகுந்து சுத்தமாகி, கடைசி அறைக்கு வரும். அந்த அறையில் ஒரு சின்ன மோட்டார். அது தண்ணீரை இன்னொரு குழாயில் ஏற்றி, மேல்தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே விடும். சுற்றிச் சுற்றி அதே தண்ணீர்தான்.

சொட்டுக்கு ஏற்பாடு பிடித்திருந்தது. தண்ணீர் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும் வீட்டை அவர் இதுவரை பார்த்ததில்லை. வாயைத் திறந்து பாராட்டியிருக்கலாம். "ம், செஞ்சுடலாம் மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

வேலை ஆரம்பித்தது. மேலே ஏறும் குழாயை அளந்து, அறுத்து, பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"மாமா, இந்த இடத்துல கழட்டி மாட்டுற மாதிரி ஒரு யூனியன் வச்சா, பின்னால சுத்தம் பண்ண வசதியா…"

"ஜாயின்ட் குறைஞ்சா கசிவு குறையும் மாப்பிள்ளை."

"சரி மாமா."

குழாயின் வாய் மேல்தொட்டியில் எங்கே முடிய வேண்டும் என்ற கேள்வி வந்தது. தண்ணீர் மேலிருந்து கொட்டினால் சத்தம் வரும், கீழே படுத்திருக்கும் அம்மாவுக்குத் தொந்தரவு என்று சொட்டு குழாயை நீட்டி, தொட்டியின் பாதி ஆழத்துக்கு இறக்கினார். மாப்பிள்ளை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு போதவில்லை என்று சொட்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் இல்லை. கண்ணாடிக் கடைச் சாவி அவரிடம் இருந்ததால் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தார். மகள் சமையலறையில் இருந்தாள். சொட்டு கிளாம்பை முடுக்கிவிட்டு, கீழ்த்தொட்டியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, ஒட்டு எப்படி நிற்கிறது பார்க்கலாம் என்று மோட்டாரைப் போட்டார்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். மேல்தொட்டிக்குள் இறங்கும் குழாயில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஊசி முனை போல ஒரு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாகச் சீறிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய டிரில் மிஷின் வைத்த இடத்தில் இல்லை, ஜன்னலோரம் இருந்தது. தரையில் வெள்ளையாகப் பிளாஸ்டிக் துருவல். சொட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தார். மாப்பிள்ளை பாவம், கிளாம்புக்குத் துளை போடத் தானாக முயன்றிருக்கிறார், கை வழுக்கிக் குழாயில் இறங்கியிருக்கிறது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். இதை இவர் எடுத்துச் சொன்னால் என்ன ஆகும்? மகள் முன்னால் மாப்பிள்ளை கூனிக் குறுகிப் போவார். வேலை தெரியாதவர் என்று மாமனார் சொல்லிக்காட்டிய மாதிரி ஆகிவிடும்.

மோட்டாரை நிறுத்தினார். குழாயைத் துடைத்தார். இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டும் பசையை எடுத்து, ஓட்டையில் அழுத்தி, விரலால் நீவி, ஒட்டியது தெரியாத அளவுக்கு வழவழப்பாக்கினார். வேலை சுத்தம். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் நெஞ்சு நிறைந்திருந்தது. உண்மையைச் சொல்லப்போனால், மாப்பிள்ளைமேல் அவருக்குப் பாசம் என்று ஒன்று வந்தது அந்த நிமிடத்தில்தான்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. மேல்தொட்டி நிறைந்தது. ஒட்டிய இடம் தண்ணீருக்குள் மறைந்துபோனது. குளியலறைத் தொட்டியில் விருந்தாளியாக இருந்த பெரியவரைத் துணியில் ஏந்திக் கொண்டுவந்து விட்டார்கள். அவர் ஒரு சுற்றுச் சுற்றி, புது வீட்டைப் பார்த்து, மூலையில் போய் நின்றுகொண்டார். தண்ணீர் வழிவதும் ஏறுவதுமாக, ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. மகள் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காகிதத்தை வைத்துப் பார்த்தாள். எல்லாம் காய்ந்த காகிதம். அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

வீட்டுக்காரர் ஏறி வந்தார். கையில் டார்ச். அலமாரியின் கதவைத் திறந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். குழாயைத் தொட்டார். விரலை முகர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. சரி தம்பி, கரண்ட் போனா?"

நியாயமான கேள்வி. லைன் வேலை நடக்கிறது என்று அந்தத் தெருவில் சில வாரமாகவே மத்தியானத்தில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, மாமனார் அதுவரை கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"அதுக்குத்தான் சார் ஏற்பாடு பண்ணியிருக்கேன். மோட்டார் நின்னதும் மேல இருக்கற தண்ணி அதே பைப் வழியா கீழ இறங்கப் பார்க்கும். இறங்க விட்டா கீழ்த்தொட்டி நிரம்பி வழிஞ்சுடும். அதனால பைப்ல, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, ஒரு சின்ன ஓட்டை போட்டு வச்சிருக்கேன். தண்ணி ஒரு விரல் இறங்கினதும் ஓட்டை வெளிய வந்துடும். காத்து உள்ள போகும். உறிஞ்சறது அதோட அறுந்துடும். ஓட்டை இருக்கற வரைக்கும் பயமே இல்லை."

சொட்டுவின் கண் தான் பசை ஒட்டிய இடத்துக்குப் போனது.

சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் எதிரில் நிற்கிறார். மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு காதாக, ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டால்? டிரில் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட எவ்வளவு நேரம் ஆகும்?

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் அப்படி வர்றீங்களா…"

"இருங்க மாமா, சாருக்குக் காட்டிட்டு வந்துடறேன். ப்ளக்கைப் பிடுங்கினா தெரிஞ்சுடும்" என்று மாப்பிள்ளை கையை நீட்டினார்.

ப்ளக்கைத் தொடுவதற்குள் மின்விசிறி தளர்ந்தது. தொட்டி விளக்கு அணைந்தது. தெருவில் யாரோ "போச்சா?" என்று கேட்கும் குரல். கரண்ட் போய்விட்டது.

"நல்லதாப் போச்சு" என்று வீட்டுக்காரர் சிரித்தார். டார்ச்சைக் கீழ்த்தொட்டியில் அடித்தார்.

கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ஒரு விரல். "இப்ப நிக்கும் பாருங்க சார்" என்றார் மாப்பிள்ளை. இரண்டு விரல். பஞ்சு மிதந்தது. "இப்ப நின்னுடும்." மூன்று விரல். மாப்பிள்ளையின் குரலில் சுருதி இறங்கியது. மேல்தொட்டியைப் பார்த்தார், கீழ்த்தொட்டியைப் பார்த்தார்.

"நிக்காது" என்றார் சொட்டு.

"என்ன மாமா?"

"ஓட்டை இல்லை மாப்பிள்ளை. நான் அடைச்சுட்டேன்."

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. மாப்பிள்ளை தரையில் விழுந்து, தோள்வரை கையைக் கீழ்த்தொட்டிக்குள் விட்டு, மோட்டாரின் வாயை உள்ளங்கையால் அழுத்தினார். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் கை உள்ளே போன அளவுக்கு மட்டம் ஏறியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொம்பால் மொண்டு வாளியில் ஊற்ற ஆரம்பித்தாள். "நீ குனியாதே!" என்று சொட்டு கத்தினார். "நான் குனியாம யாரு குனியறது?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். "சார், இன்னொரு பக்கெட்!" என்றாள் வீட்டுக்காரரிடம். வீட்டுக்காரர், தான் சோதனை போட வந்தவர் என்பதையே மறந்து குளியலறைக்கு ஓடினார்.

சொட்டு டிரில்லைத் தூக்கினார். பொத்தானை அழுத்தினார். கரண்ட் இல்லாத டிரில் வேறென்ன செய்யும்? அதைப் போட்டுவிட்டுக் கத்தியால் பசையைச் சுரண்டினார். காலையில் போட்டது கல்லாகிவிட்டிருந்தது. கத்திமுனைதான் மடங்கியது. குழாயையே மேலே தூக்கிவிடலாம் என்று இழுத்தார். கிளாம்ப் அசையவில்லை. இணைப்பைக் கழற்றலாம் என்றால் கழற்ற ஒரு யூனியன்கூடக் கிடையாது. ஜாயின்ட் குறைந்தால் கசிவு குறையும். எந்தக் கடன்காரன் இவ்வளவு பலமாகக் கட்டினான் என்று தன்னைத்தானே வைதார்.

"மாமா, விளிம்புக்கு ஒரு விரக்கடைதான் இருக்கு!"

குழாய் அறுக்கிற ஆக்சா பிளேடு. பையைத் தலைகீழாகக் கொட்டி அதைப் பொறுக்கினார். ஸ்டூலில் ஏறினார். குழாய் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வளையும் இடத்தில், சுவருக்கும் குழாய்க்கும் நடுவில், கை நுழையாத சந்தில் பிளேடை வைத்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து தண்ணீர் நிற்கும் குழாயில் அவர் வேண்டுமென்று பிளேடு வைத்ததில்லை. அறுத்தார். சுவரில் கை உரசித் தோல் பிய்ந்தது. வியர்வையில் பிளேடு வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார்.

"வழியுதுப்பா!" மகளின் குரல் உடைந்தது. "அப்பா, வழியுது!"

கீழ்த்தொட்டியின் முன்பக்க விளிம்பைத் தாண்டி, நூல் போல ஒரு தண்ணீர் அலமாரியின் பலகையில் இறங்கியது. மாப்பிள்ளை இன்னொரு கையால் தன் சட்டையைத் தலைவழியாக உருவி அதன்மேல் போட்டு, நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு படுத்தார்.

பிளேடு உள்ளே போனது. குழாய் கொர்ர்ர் என்று மூச்சு வாங்கியது. உறிஞ்சும் சத்தம், பிறகு குழாய்க்குள் தண்ணீர் அறுந்து இரண்டு பக்கமும் விழும் சத்தம். கீழ்த்தொட்டியில் கடைசியாக ஒரு குமிழி. நின்றுவிட்டது.

ஸ்டூலில் நின்றபடியே சொட்டு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். தண்ணீர் குறைந்த தொட்டியில் பெரியவர், ஒன்றுமே நடக்காதது போல, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் வாளியை வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போனார். கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கூரையைப் பாரு! ஏதாவது தெரியுதா?"

பதில் வருவதற்குள் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஐஸ்போல இருந்தன.

"பழைய கறைதான் இருக்கு" என்றது கீழேயிருந்து குரல். "புதுசா ஒண்ணும் இல்லை. அங்க என்ன கூத்து நடக்குது?"

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவளுக்கு வந்தது கோபம்.

"ஏன்ப்பா அடைச்சீங்க? அவரை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"அவர் கை தவறி ஓட்டை போட்டுட்டாருன்னு நினைச்சேன்மா. கேட்டா… குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு."

"நீங்க? ஓட்டை போட்டதை ஏங்க அப்பாகிட்ட சொல்லலை?"

மாப்பிள்ளை ஈர நெஞ்சோடு எழுந்து உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். "மாமா கட்டின பைப்புல நான் ஓட்டை போட்டேன்னு எப்படிச் சொல்றது? யூனியன் வேணும்னு சொன்னதுக்கே முகம் மாறிடுச்சு. அதான், அவர் கடைக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து…"

"நல்லா இருக்கு! அப்பா உங்களுக்கு மரியாதை குடுக்கறாரு, நீங்க அப்பாவுக்கு மரியாதை குடுக்கறீங்க. உங்க ரெண்டு பேர் மரியாதையில என் வீடு மூழ்கியிருக்கும்!"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவருமே பெரியவரைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து பெட்டி படுக்கை என்ற வார்த்தைதான் வரும் என்று சொட்டு நினைத்தார்.

"கரண்ட் வரட்டும்" என்றார் வீட்டுக்காரர். "சரியாக் கட்டிட்டு, என் கண்ணு முன்னால மறுபடியும் செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டுத்தான் நான் படி இறங்குவேன். அப்ப சொல்றேன், இருக்கறீங்களா போறீங்களான்னு."

சொட்டு அறுத்த குழாயை எடுத்தார். பையைத் துழாவி ஒரு யூனியனை எடுத்து, குழாயின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் எந்த வேலையிலும் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எங்க வைக்கட்டும் மாப்பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம் கீழ மாமா. இல்லை, அவ்வளவு கீழ வேண்டாம். இங்க."

"இந்தப் பைப் வாயை இவ்வளவு ஆழமா விட்டது சரியா?"

மாப்பிள்ளை தயங்கினார். மகள் முறைத்தாள். "இல்லை மாமா" என்றார் மாப்பிள்ளை. "அது காலையிலயே எனக்குப் பிடிக்கலை. ரெண்டு விரல் ஆழம் போதும். அதிகமா இறங்கினாத்தான் ஆபத்து."

சொட்டு மறுபேச்சுப் பேசாமல் அறுத்தார்.

பசை இறுகிய பிறகும் கரண்ட் வரவில்லை. வீட்டுக்காரர் அசையவில்லை. மகள் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒருவழியாகச் சுழன்றபோது மாப்பிள்ளை டிரில்லில் மெல்லிய ஊசியை மாட்டி மாமனாரிடம் நீட்டினார்.

"நீங்க போடுங்க மாமா."

சொட்டு வாங்கிக்கொண்டார். நல்ல குழாய். தானே ஒட்டிய குழாய். அதில் ஓட்டை போடக் கை வரவில்லை. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பென்சிலால் வைத்த புள்ளியில் ஊசியை வைத்து அழுத்தினார். வெள்ளைத் துருவல் சுருண்டு விழுந்தது.

வாளித் தண்ணீரை மேல்தொட்டியில் ஊற்றினார்கள். மோட்டார் ஓடியது. வீட்டுக்காரரே எழுந்து வந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

தண்ணீர் ஏறியது. அரை விரல். மகள் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு விரல். மாப்பிள்ளை மூச்சு விடவில்லை. அதற்கு மேலும் கொஞ்சம் ஏறியது. சொட்டு கண்ணை மூடிக்கொண்டார். கொர்ர் என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணைத் திறந்தபோது டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது.

வீட்டுக்காரர் ப்ளக்கைச் சொருகினார். மறுபடி பிடுங்கினார். மறுபடி நின்றது. திருப்தி வராமல் இன்னொரு தடவையும் செய்து பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார்.

"இருங்கம்மா" என்றார் மகளிடம். வாசலில் நின்று திரும்பி, சொட்டுவைப் பார்த்து விரலை நீட்டினார். "நீங்க மட்டும் அந்த ஓட்டைப் பக்கம் போகாதீங்க."

ஆனால் போக வேண்டியிருந்தது. ஓட்டையில் வாரத்துக்கு ஒருமுறை பாசி பிடிக்கும், குத்தி எடுக்காவிட்டால் தானாக அடைந்துவிடும் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த வேலையை யார் செய்வது என்ற பேச்சே எழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் வாஷருக்குப் பதில் ஒரு குண்டூசியோடு சொட்டு வந்து நின்றார். ஸ்டூலில் ஏறி, சட்டைக் கையை மடித்து, பெரியவரின் முறைப்பைப் பொருட்படுத்தாமல், ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் அதில் பீறிடுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். பீறிட்டது. விரலை எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அன்னிக்கு அவசரத்துல தொட்டிக் கண்ணாடியெல்லாம் பசையை ஈஷி வச்சிருக்கீங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் எட்டிப் பார்த்தாள்.

சொட்டு குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். உண்மைதான், அசிங்கமாகத்தான் இருந்தது. அவருடைய வேலையை இதுவரை யாரும் இப்படி முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பிளேடை எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். "ரெண்டு பேருமாச் சுரண்டுவோம்."